எம்சிபி, எர்த், ஆர்சிசிபி: ஷாக்கிலிருந்து வீட்டைக் காப்பது எது? முழுமையான வழிகாட்டி

"எம்சிபி போட்டாச்சு, அப்புறம் என்ன பயம்?" என்று வீடு கட்டுகிறவர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். "எர்த் நல்லா இருந்தா போதும், மத்ததெல்லாம் வியாபாரம்" என்பார்கள் இன்னும் சிலர். ஆர்சிசிபி வாங்கி மாட்டியவர்களிடம் கேட்டால், "சும்மா சும்மா டிரிப் ஆகுதுன்னு எலக்ட்ரீஷியன் கழற்றி விட்டுட்டார்" என்ற பதில் அடிக்கடி வரும். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச், எர்த் என்பது கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் கம்பி, ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் கருவி. டிரிப் ஆவது அல்லது விழுவது என்றால் கருவி தானே அணைந்து துண்டிப்பது.

மூன்று பேருமே தாங்கள் பாதுகாப்பாக இருப்பதாக நம்புகிறார்கள். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். வயல், தெருக் கம்பி, கட்டுமான வேலை எல்லாம் அதில் சேர்த்திதான். இருந்தாலும் குளியலறை ஹீட்டர், கிரைண்டர், துணி காயப்போடும் கம்பி என்று வீட்டுக்குள்ளேயே போகும் உயிர்களும் அதில் உண்டு, அவற்றில் பெரும்பகுதி தடுத்திருக்கக் கூடியவை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கருவியும் ஒரு வகைக் கோளாறை மட்டுமே கவனிக்கும். நம் உடலுக்குள் பாயும் மின்சாரத்தைக் கவனிக்கவென்றே செய்யப்பட்டது 30 மில்லி ஆம்பியர் (ஆயிரம் மில்லி ஆம்பியர் ஒரு ஆம்பியர், கரண்டின் அளவு) ஆர்சிசிபி ஒன்றுதான். அதுவும் வயரிங் சரியாக இருந்து, எர்த் உயிரோடு இருந்து, அவ்வப்போது சோதித்துப் பார்த்தால்தான் முழுப் பலன் தரும். எதை எப்படிச் சோதிப்பது, எதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. கருவிகளின் முகப்பைப் படிப்பது, பட்டனை அழுத்துவது, பிளக்கைப் பிடுங்கி மாட்டுவது இவையெல்லாம் நீங்கள் செய்யலாம். மூடியைக் கழற்றி ஸ்குரூவைத் தொடும் எந்த வேலையையும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெயினை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயின் வரை வரும் கம்பியில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

படி 1: டிபி பெட்டியில் என்ன இருக்கிறது என்று படியுங்கள்

டிபி என்பது வீட்டுக்கு வரும் கரண்டை அறைகளுக்குப் பிரிக்கும் பெட்டி. அதன் கதவைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள் தெரியும். அவற்றின் மேல் சி6, சி10, சி16, சி20 என்று அச்சிட்டிருந்தால் அவை எம்சிபி. எண் ஆம்பியரைக் குறிக்கிறது, முன்னால் உள்ள எழுத்து எத்தனை மடங்கு கரண்ட் பாய்ந்தால் உடனே விழும் என்பதைக் குறிக்கிறது. 'பி' என்றால் 3 முதல் 5 மடங்கு, 'சி' என்றால் 5 முதல் 10 மடங்கு.

அவற்றைவிட அகலமாக, "டி" (T) என்ற எழுத்தோடு ஒரு சிறு பட்டன் வைத்த கருவி இருந்தால் அதுதான் ஆர்சிசிபி. நம் ஊரில் இன்னும் பலர் இதை ஈஎல்சிபி என்றே சொல்கிறார்கள். உண்மையில் ஈஎல்சிபி என்பது எர்த் கம்பியில் ஏறும் வோல்டேஜை வைத்து வேலை செய்த பழைய கருவி. அதனால் கடையில் பெயரைக் கேட்டு வாங்காமல் முகப்பைப் பார்த்து வாங்குங்கள். 0.03 ஏ அல்லது 30 எம்ஏ என்று இருக்க வேண்டும். 100, 300 என்று இருப்பவை தீப்பிடிப்பதைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்ற அவை போதாது.

அலைக் கோட்டுக் குறியையும் கவனியுங்கள். ஒரே ஒரு அலை மட்டும் வரைந்திருந்தால் அது ஏசி (AC) வகை. அலைக்குக் கீழே பாதி அலைகளும் வரைந்திருந்தால் ஏ வகை. இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின், எல்இடி விளக்கு, சார்ஜர் என்று எலக்ட்ரானிக் பொருட்கள் நிறைந்த வீட்டில் கசியும் கரண்ட் நேர்த்தியான அலையாக இருக்காது. அதனால் புதிதாக வாங்குகிறவர்கள் ஏ வகையே வாங்குவது நல்லது.

பட்டன் வைத்த கருவி எதுவுமே இல்லையென்றால் உங்கள் வீட்டில் ஷாக்கிலிருந்து காக்கும் கருவி இல்லை. எத்தனை எம்சிபி இருந்தாலும் இதே பதில்தான்.

படி 2: உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த விவாதம் முழுவதும் சில எண்களில்தான் தீர்கிறது. ஒரு மில்லி ஆம்பியர் அளவில் லேசான சுரீர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் டால்சியல் தன்னார்வலர்களை வைத்து இதை அளந்தார். கையை விடுவித்துக்கொள்ள முடிந்த சராசரி அளவு ஆண்களுக்குச் சுமார் 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குச் சுமார் 10.5. 1961-இல் அமெரிக்க வீடுகளுக்கான கசிவுத் தடுப்புக் கருவியை உருவாக்கியவரும் அவர்தான். அங்கே அது 5 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கும்.

ஐம்பது மில்லி ஆம்பியரும் அதற்கு மேலும் ஒரு நொடி, இரண்டு நொடி பாய்ந்தால் இதயம் துடிப்பை இழந்து நடுங்கத் தொடங்கலாம். 230 வோல்ட்டில் நம் உடலின் தடையைச் சுமார் 1,500 ஓம் என்று வைத்தால் பாய்வது 150 மில்லி ஆம்பியர். ஈரக்கையும் வெறுங்காலும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

இப்போது உங்கள் பெட்டியில் இருக்கும் சி16 எம்சிபியை நினைத்துப் பாருங்கள். அது 16,000 மில்லி ஆம்பியர் வரை அசையவே கூடாது என்று செய்யப்பட்டது. ஒருவர் உயிர் போக 150 போதும். எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்பு எரிவதைப் போலத்தான் தெரியும்.

படி 3: எம்சிபிக்கு உரிய வேலையை மட்டும் கொடுங்கள்

எம்சிபி வயரைக் காக்கிறது. லோடு கூடி வயர் சூடாகி இன்சுலேஷன் உருகி எரியாமல் இருக்கவும், பேஸும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலும் (கரண்ட் திரும்பும் கம்பி) ஒட்டி ஷார்ட் ஆனால் நொடியின் சிறு பகுதியில் துண்டிக்கவும் அது வேண்டும். இந்த வேலையில் அது அருமையான கருவி. பியூஸ் கேரியரில் வயரின் செம்பு இழைகளை முறுக்கிக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ முன்னேற்றம்.

இதைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. 16 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று சொன்னால் அதே வயரில் 32 ஆம்பியர் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு எம்சிபி விழாது, சுவருக்குள் வயர்தான் வேகும். பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர் விளக்கு வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5 பிளக் வயருக்கு 16, ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனியாக இழுத்த 4 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 20 என்ற அளவில் இருக்க வேண்டும். வயர் அளவு தெரியாமல் எம்சிபியைப் பெரிதாக்க யாரையும் விடாதீர்கள்.

பழைய வீடுகளில் நியூட்ரலிலும் ஒரு பியூஸ் இருக்கும். அது மட்டும் போனால் விளக்கு எரியாது, ஆனால் பேஸ் எல்லா இடத்திலும் உயிரோடு இருக்கும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பார்கள். அந்த நியூட்ரல் பியூஸை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

படி 4: எர்த் பற்றிய கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்

"எர்த் சரியாக இருந்தால் எம்சிபியே விழுந்துவிடுமே, ஆர்சிசிபி எதற்கு?" இதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களே இதைச் சொல்கிறார்கள் என்பதால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நம் ஊர்த் தனி வீடுகள் பலவற்றில் எர்த் என்பது வீட்டு முற்றத்தில் உள்ள குழி. கசிந்த கரண்ட் அந்தக் குழி வழியாக மண்ணுக்குள் இறங்கி, டிரான்ஸ்பார்மர் அருகே உள்ள எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். வீட்டுக் குழியின் தடை 7 ஓம், டிரான்ஸ்பார்மர் பக்கம் 3 ஓம் என்று வைப்போம். இது மோசமான எர்த் இல்லை. கோடையில் காய்ந்து கிடக்கும் பல குழிகள் இதைவிட எத்தனையோ மடங்கு கூடுதல் தடை காட்டும்.

கிரைண்டருக்குள் பேஸ் வயர் உரசி அதன் இரும்பு உடலைத் தொட்டுவிட்டது. பாய்வது 230 வகுத்தல் 10, அதாவது 23 ஆம்பியர். சி16 எம்சிபி உடனே விழும் என்று உறுதியாகச் சொல்ல 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியர் என்பது அதன் அளவில் ஒன்றரை மடங்குகூட இல்லை. அந்த அளவில் விழ அது ஒரு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம், தர விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. அந்த நேரம் முழுவதும் கிரைண்டரின் உடலில் எவ்வளவு வோல்டேஜ்? 23 பெருக்கல் 7, அதாவது 161 வோல்ட். எர்த் இருக்கிறது, எம்சிபி இருக்கிறது, மாவு தள்ள ஈரக்கையை வைக்கிறவருக்கு 161 வோல்ட் காத்திருக்கிறது.

எர்த்தை மட்டும் நம்பி சி16 எம்சிபியை உடனே விழவைக்க வேண்டுமென்றால் மொத்தப் பாதையின் தடையும் 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். வீட்டுக் குழியை வைத்து ஆண்டு முழுவதும் அதைக் காப்பாற்றுவது நடக்கிற காரியமில்லை.

அதே வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால்? எர்த் கெட்டுப் போய் 100 ஓம் காட்டினாலும் 2 ஆம்பியருக்கு மேல் கசியும். ஆர்சிசிபி கேட்பதைவிட எழுபது மடங்கு அது. 40 மில்லி நொடிக்குள், கிரைண்டரில் யாரும் கை வைக்கும் முன்பே, பிளக்கை மாட்டி சுவிட்சைப் போட்ட கணமே விழுந்துவிடும்.

எர்த் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எர்த் இருந்தால் கசிவு ஏற்பட்டவுடன் ஆர்சிசிபி விழும். எர்த் இல்லாவிட்டால் ஆள் தொட்ட பிறகுதான் விழும், அதாவது அந்த ஷாக்கை உங்கள் உடம்பு ஒரு கணம் வாங்கியாக வேண்டும். எர்த் பின்னை ஒடித்துவிட்டு மாட்டுவது, மூன்று பின் பிளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் திணிப்பது இதையெல்லாம் இன்றே நிறுத்துங்கள். குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள், கிளாம்ப் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: ஆர்சிசிபியின் எல்லையையும் தெரிந்து வையுங்கள்

ஆர்சிசிபி ஒரு கணக்குப்பிள்ளை. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கும். துண்டு விழுந்தால், விழுந்தது வேறு எங்கோ, ஒருவேளை ஓர் ஆளின் உடல் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று முடிவு செய்து இரண்டு கம்பியையும் அறுத்துவிடும்.

அதனால்தான் ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரை அதனால் காப்பாற்ற முடியாது. போனது அப்படியே திரும்பி வருவதால் அது அவரை ஒரு பல்பு என்றே நினைத்துக்கொள்ளும். கருவிக்கு முன்னால் இருக்கும் மீட்டர் வயர், மொட்டை மாடிக்கு மேலே போகும் மின்வாரியக் கம்பி இவற்றுக்கும் அது பொறுப்பில்லை. ஓவர்லோடைப் பார்க்காது. அதனால் ஆர்சிசிபியோடு எம்சிபியும் கட்டாயம் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது ஆர்சிபிஓ.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டாத கசிவுத் தடுப்புக் கருவியைத்தான் கேட்கின்றன. விலை கம்பெனியைப் பொறுத்து மாறும், ஆனாலும் ஒரு வீட்டுக்கு வேண்டிய இருமுனை ஆர்சிசிபி 2,000 ரூபாயை ஒட்டிய செலவுதான். ஹாலில் போடும் ஒரு அலங்கார விளக்கின் விலை அதைவிட அதிகமாக இருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை.

படி 6: சோதனை செய்யுங்கள்

முதல் சோதனை "டி" பட்டன். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், கருவி பட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது செத்துவிட்டது, அன்றே மாற்றுங்கள். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்தால் உள்ளே உள்ள இயக்கம் இறுகிப் போகலாம், அழுத்துவது அதையும் தளர்த்திவிடும்.

ஆனால் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை. கருவிக்குள்ளேயே ஒரு சிறு தடை வழியாகக் கணக்கைக் கெடுத்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். எர்த் கம்பி அறுந்து தொங்கினாலும் பட்டன் வேலை செய்யும்.

எர்த்தைப் பார்க்கச் சிலர் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட் பல்பை வைத்து எரிகிறதா என்று பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். எர்த் வழியில் எங்காவது அறுந்திருந்தால் அந்த பல்பு வழியாகப் போகும் பேஸ், எர்த் கம்பியில் கட்டிய எல்லாப் பொருட்களின் உடலுக்கும் ஏறிவிடும். பக்கத்து அறையில் வாஷிங் மெஷினைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது. எர்த்தை அளக்க எர்த் டெஸ்டர் என்ற தனி மீட்டர் உண்டு. எலக்ட்ரீஷியன் அதைக் கொண்டுவந்து ஓம் அளவை உங்களிடம் காட்ட வேண்டும். "நல்லா இருக்கு சார்" என்ற வாய்வார்த்தை போதாது.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஆபத்து. எர்த் வயர் இழுக்காத வீடுகளில், மூன்று பின் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. சாக்கெட்டைக் கழற்றினால் விரல் நீளத்தில் ஒரு கறுப்பு வயர் கீழ் முனையிலிருந்து மேல் முனைக்கு வளைந்து போவது தெரியும். இந்த இணைப்பு உள்ள சாக்கெட்டில் மூன்று விளக்கு பிளக் டெஸ்டரை மாட்டினால் எல்லாம் சரி என்றே காட்டும். ஆனால் வாஷிங் மெஷின் உடலில் பேஸ் பட்டால் அந்தக் கரண்ட் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால் ஆர்சிசிபிக்குக் கணக்குச் சரியாகவே இருக்கும். அதைவிடக் கொடுமை, நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் கோளாறே இல்லாத மெஷினின் உடலிலும் 230 வோல்ட் ஏறும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. மெயினையும் ஆர்சிசிபியையும் அணைத்து, வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் நியூட்ரல் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். தொடர்பு காட்டினால் எங்கோ இரண்டும் இணைந்திருக்கின்றன. ஒவ்வொரு சாக்கெட்டாகத் திறந்து அந்தத் துண்டு வயரை எடுக்க வைத்துவிட்டு, உண்மையான எர்த் வயர் இழுங்கள்.

படி 7: "சும்மா டிரிப் ஆகுது" என்றால் தேடுங்கள், கழற்றாதீர்கள்

ஆர்சிசிபி மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் நியாயமானது ஒன்று உண்டு. கம்ப்யூட்டர், டிவி, இன்வெர்ட்டர் ஏசி என ஒவ்வொன்றும் இயல்பாகவே கொஞ்சம் எர்த்துக்குக் கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-ஐத் தாண்டியதுமே விழ அனுமதி உண்டு. முழு வீட்டையும் ஒரே ஆர்சிசிபியில் கட்டினால் இந்தச் சின்னக் கசிவுகள் சேர்ந்தே அதை விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். தீர்வு, இரண்டு மூன்றாகப் பிரிப்பது. குளியலறையும் சமையலறையும் ஒன்று, அறைகள் ஒன்று, போர் மோட்டாரும் வெளி விளக்கும் தனி. பிரிட்ஜுக்குத் தனி ஆர்சிபிஓ கொடுத்தால் ஊருக்குப் போயிருக்கும்போது வேறு எதுவோ விழுந்து பால் கெட்டுப் போகாது.

மற்றபடி, விழுந்தால் காரணம் இருக்கிறது. எப்போது விழுகிறது என்பதே பாதி விடை. காலையில் மட்டும் என்றால் ஹீட்டர் காயிலைச் சந்தேகியுங்கள். மழை பெய்தால் மட்டும் என்றால் வெளி விளக்கு, தண்ணீர்த் தொட்டி ஃப்ளோட் சுவிட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர். பகலும் இரவும் இடைவெளி விட்டு விழுந்தால் பிரிட்ஜின் டீஃப்ராஸ்ட் ஹீட்டர்.

தேடும் முறை இது. எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, சுவிட்ச் பேஸை மட்டும்தான் அறுக்கும், நியூட்ரல் பக்கக் கசிவு அப்படியே இருக்கும். பிறகு எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வயரிங்கில் கோளாறு. எதிலும் விழவில்லையென்றால் பொருட்களை ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். குற்றவாளி சிக்கிவிடும்.

எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும்போதே ஆர்சிசிபி விழுகிறது என்றால் குழம்ப வேண்டாம். ஒருமுனை எம்சிபி நியூட்ரலை அறுப்பதில்லை, எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. ஏதாவது ஒரு லோடு போட்டவுடனே விழுகிறது என்றால், ஒரு ஆர்சிசிபியின் பேஸுக்கு வேறொன்றின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள். பழைய வயரிங்கில் புதிதாக ஆர்சிசிபி போட்டால் இந்த இரண்டும்தான் அதிகம் வரும். பெட்டிக்குள் நியூட்ரல்களைப் பிரித்துக் கட்ட அரைநாள் ஆகலாம். அந்த அரைநாள் கூலியை மிச்சப்படுத்தத்தான் "கழற்றிடலாம் சார்" என்ற யோசனை வருகிறது.

படி 8: இன்வெர்ட்டர் உள்ள வீடுகள் தனியாகக் கவனிக்க வேண்டியது

கரண்ட் போன பிறகும் இன்வெர்ட்டர் தருவது அதே 230 வோல்ட்தான், அதே அளவு ஷாக் அடிக்கும். ஆனால் அப்போது மின்சாரம் பிறக்குமிடம் உங்கள் பேட்டரி. மெயினில் உள்ள ஆர்சிசிபி அந்த நேரத்தில் கைகொடுக்குமா என்பது வயரிங் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, அதனால் அதை நம்பக் கூடாது. இன்வெர்ட்டர் வெளியீட்டில் தனி ஆர்சிசிபி, அந்த விளக்கு, மின்விசிறிகளுக்குத் தனி நியூட்ரல் என்று கேளுங்கள். நியூட்ரலைப் பிரிக்காமல் ஆர்சிசிபியை மட்டும் சேர்த்தால் அது நிற்காமல் விழும்.

படி 9: வோல்டேஜ் கோளாறுகள் வேறு, இடி வேறு

மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் நியூட்ரல் விட்டுப்போனால் சில அறைகளில் வோல்டேஜ் குறையும், சில அறைகளில் 400-ஐ நெருங்கும். டிவி, பிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் போவது பெரும்பாலும் இப்படித்தான். எம்சிபி இதைத் தடுக்காது, ஆர்சிசிபியும் தடுக்காது. ஏசியோடு வரும் ஸ்டெபிலைசர் அந்த ஏசியை மட்டும் பார்த்துக்கொள்ளும். இதற்கென்று ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் பார்த்துத் துண்டிக்கும் கருவி டிபி பெட்டியிலேயே பொருத்தும் வடிவில் கிடைக்கிறது. விளக்குகள் திடீரென்று அதிகமாகப் பளிச்சிட்டால், எதையும் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள்.

இடி மின்னலால் வரும் நொடிநேரப் பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி எஸ்பிடி. அதற்கும் நல்ல எர்த் வேண்டும், இணைக்கும் வயர்கள் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். முகப்பில் உள்ள பச்சைச் சன்னல் சிவப்பானால் அது தன் ஆயுளை முடித்துக்கொண்டது என்று பொருள். நீடித்த கூடுதல் வோல்டேஜை எஸ்பிடி தாங்காது, அதனால் ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. ஸ்பைக் கார்டு என்று விற்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளில் உள்ளது இதன் மிகச் சிறிய வடிவம். கூடுதல் துணையாக இருக்கட்டும்.

படி 10: எந்தக் கருவியும் பார்க்காத ஒன்றை நீங்களே பாருங்கள்

தளர்ந்த இணைப்பு. ஹீட்டர் சாக்கெட்டில் பின் சரியாகப் பிடிக்காமல் பொறி பறந்தாலும் பாயும் கரண்ட் எம்சிபியின் அளவுக்குள்தான் இருக்கும், எர்த்துக்கும் எதுவும் கசியாது. இரண்டு கருவியும் பேசாமல் இருக்க, பிளாஸ்டிக் மட்டும் பழுப்பேறி மீன் வாடை போன்ற ஒரு நெடி அடிக்கும். இத்தகைய பொறியை அடையாளம் கண்டு துண்டிக்கும் கருவிகள் அமெரிக்காவில் புதிதாகக் கட்டும் வீடுகளில் பெரும்பாலும் கட்டாயம், நம் வீடுகளில் அரிது. அதுவரை வேலை நம்முடையது. ஹீட்டர் ஓடி முடித்தவுடன் அணைத்துவிட்டு, காய்ந்த கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டும் பிளக்கும் மாற வேண்டும். டிபி பெட்டியின் ஸ்குரூக்களை ஆண்டுக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியனை விட்டு இறுக்க வையுங்கள்.

படி 11: காசு குறைவாக இருந்தால் எதை முதலில் செய்வது

முதலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எர்த் சுமாராக இருக்கும் வீட்டுக்கு அது இன்னும் அவசரம். அடுத்து எர்த் குழியும், எல்லாச் சாக்கெட்டுக்கும் எர்த் வயரும். பிறகு வயருக்கு ஏற்ற எம்சிபி இருக்கிறதா என்று சரிபார்ப்பது. மும்முனை இணைப்பு இருந்தால் அதன் பிறகு ஓவர் வோல்டேஜ் கருவி, கடைசியாக எஸ்பிடி. வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், ஆர்சிசிபியின் ஆம்பியர் அளவு அதற்கு முன்னால் உள்ள எம்சிபியின் அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனிடம் மூன்று அளவுகளை எழுதி வாங்கி டிபி கதவின் உட்புறம் ஒட்டுங்கள்: எர்த் எத்தனை ஓம், 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) வயரிங் எத்தனை மெகா ஓம் (ஒன்றுக்குக் குறையக் கூடாது), ஆர்சிசிபி எத்தனை மில்லி ஆம்பியரில் விழுந்தது (15-க்கும் 30-க்கும் நடுவே இருக்க வேண்டும்). மெக்கர் வைக்கும்போது எலக்ட்ரானிக் பொருட்களின் பிளக்கையெல்லாம் பிடுங்கி வைத்திருக்க வேண்டும் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே டிபி பெட்டியைத் திறந்து பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓனரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால், "நான் வாங்கித் தருகிறேன், வாடகையில் கழித்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதற்கும் வழியில்லையென்றால் குளியலறை ஹீட்டர், வாஷிங் மெஷின், கிரைண்டர் இந்த மூன்றின் சாக்கெட்டுக்காவது சிறு பெட்டியில் தனி ஆர்சிபிஓ வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். தண்ணீருக்குள் விடும் ஹீட்டர் ராடை அந்த ஆர்சிபிஓ இருந்தாலும் ஓடும்போது தொட வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே வாளியில் கை வையுங்கள்.